கெண்டை முட்டைகளும் அப்பாவின் பட்டைத் தண்ணீரும்

9 டிசம்பர் 1988, வெள்ளி

மூன்று தாய்க் கெண்டைகளுக்கும் இரண்டாவது ஊசி போட்டாகிவிட்டது. கடைசியாகப் பிடித்தவள் வாலால் விட்ட அறையில் என் மூக்குக்கண்ணாடி தொட்டிக்குள் போய்விட்டது. ஜெயவேலு அண்ணன் சாவகாசமாகச் சிரித்து முடித்த பிறகுதான் வலையைப் போட்டு எடுத்துக் கொடுத்தார்.

வண்டலூரில் அவர்கள் குடும்பம் நெல் போட்ட நிலத்தில் இப்போது சிமெண்ட் தொட்டிகள். மீன்குஞ்சு வளர்த்து ஏரிக் குத்தகைக்காரர்களுக்கு விற்கிறார். பம்புசெட்டுக்குப் பின்னால் இருக்கும் தொட்டிகளை என் ஆராய்ச்சிக்கு விட்டிருக்கிறார். மூன்றில் ஊசி போட்ட தாய்கள், மூன்றில் போடாத தாய்கள். இடம் கொடுத்தாரே தவிர கேள்வி ஓயவில்லை. "கொயந்தைக்குப் போட்ற ஊசிய ஆத்தாளுக்குப் போட்டுகினு கீறியே, இது இன்னா கணக்கு?" என்றார் இன்றும்.

தொட்டி விளிம்பில் உட்கார்ந்து சொன்னேன். மீன் முட்டையிட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடும். முட்டை கிடக்கும் தண்ணீர் முழுக்கக் கிருமி. அப்படியும் அழுகாமல் பொரிக்கிறதென்றால், கிருமியைக் கொல்லும் ஏதோ ஒன்றைத் தாய் உள்ளேயே வைத்து அனுப்பியிருக்கிறாள். சரி, அந்தத் தாய்க்கு ஒரு நோயின் செத்த கிருமியை ஊசியில் கொடுத்து, அவள் உடம்பு அதை எதிர்க்கப் பழகிவிட்டால்? அந்தப் பழக்கமும் சேர்ந்து முட்டைக்குள் போகுமா? குஞ்சுக்கு அந்த நோய் வராமல் இருக்குமா?

ஜெயவேலு அண்ணன் "அப்போ ஆத்தா கூட இல்லாங்காட்டியும் புள்ளைக்குக் காவல் கீதுன்ற" என்று சொல்லிவிட்டு மோட்டார் போடப் போனார். இதே விஷயத்தைச் சொல்ல எனக்கு இரண்டு வருடமும் நாற்பது பக்கமும் ஆகியிருக்கிறது.

14 டிசம்பர், புதன்

தாய்கள் ஆறு பேரும் தவிட்டு உருண்டையை நன்றாகத் தின்கிறார்கள். நான்தான் சரியாகத் தின்பதில்லை என்று அப்பாவின் புகார்.

20 டிசம்பர், செவ்வாய்

கல்லூரி லேபில் தட்டு பார்த்தேன். கண்ணாடித் தட்டு முழுக்கக் கிருமி பாசி போலப் படர்ந்திருந்தது. நடுவில் மார்க்கெட்டில் வாங்கிய சாதாரணக் கெண்டையின் முட்டையை அரைத்து ஒரு சொட்டு வைத்திருந்தேன். அந்தச் சொட்டைச் சுற்றி ஒரு வட்டம், துடைத்து விட்டது போலச் சுத்தம். முட்டைக்குள் இருப்பது கிருமியை அண்டவிடாமல் நிறுத்திய எல்லை அது. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

அபிதகுஜாம்பாள் மேடம் வட்டம் பார்த்து மகிழ்கிற ஆள் இல்லை. அவர் என் கைடு. தாம்பரத்தில் எங்கள் டிபார்ட்மெண்டே அவர் செருப்புச் சத்தத்துக்கு எழுந்து நிற்கும். "இது எல்லாரும் பார்த்தாச்சு, கனகவல்லி. உன் கேள்விக்குப் பதில் தட்டுல இல்ல. குஞ்சு பொரிச்சு, நோய்த் தண்ணில போட்டும் பிழைக்கணும்" என்றார்.

தெரியாதா எனக்கு? போன சீசனில் முட்டைகள் ஒன்றோடொன்று கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டு, நடுவில் அழுகி, மொத்தமாகப் போயின. கெண்டை முட்டை பசை மாதிரி ஒட்டும். இந்த ஜனவரி, பிப்ரவரியில் நடந்தால் உண்டு. மார்ச்சோடு ஸ்காலர்ஷிப் முடிகிறது. பிழைத்தால் தூத்துக்குடியில் மீன் ஆராய்ச்சி வேலை ஒன்றுக்கு மேடம் எனக்காக எழுதுவார். கையில் முடிவு இல்லாமல் யாருக்கும் எழுதுவதில்லை என்பதையும் சேர்த்தே சொன்னார். அன்பை அவர் இப்படித்தான் காட்டுவார் என்று எடுத்துக்கொண்டேன். வேறு எப்படி எடுத்துக்கொள்வது?

25 டிசம்பர், ஞாயிறு

ஆராதனை முடிந்து வரும்போது அப்பா பின்னாலேயே என்னைப் பெண் பார்க்கப் பொத்தேரியிலிருந்து ஒரு குடும்பத்தையும் அழைத்து வந்துவிட்டார். அப்பாவுக்கு யோசனை கேட்கிற வழக்கம் கிடையாது. மாப்பிள்ளை கம்பவுண்டர். அதிகம் பேசவில்லை, கேக் மட்டும் சாப்பிட்டார். ஊறுகாய் போட்ட பழைய பேப்பரில் இருந்த செய்தியைப் படித்துக்கொண்டிருந்தார். குறை சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் பேஜார்.

அவர்கள் போன பிறகு வாக்குவாதம். பொத்தேரி என்றால் பஸ் ஏறினால் வீடு. தூத்துக்குடி என்றால் ஒரு ராத்திரிப் பயணம். "ஜொரம் வந்தா யாரு பாப்பா? தண்ணி சேருமா? தெரியாத ஊர்ல ஒண்டியா..." என்று அடுக்கிக்கொண்டே போனார். நான் வெறுப்பில், "மீன் பொரிச்சுப் பொழச்சா தூத்துக்குடி, இல்லன்னா பொத்தேரி, போதுமா?" என்றேன். கிண்டலாகத்தான் சொன்னேன். அப்பா ஒப்பந்தம் மாதிரித் தலையாட்டினார். பம்மலில் தோல் கம்பெனிக் குழியில் முப்பது வருஷம் நின்ற மனிதர், சொன்ன சொல்லைப் பிடித்துக்கொண்டால் விடமாட்டார்.

சரி, நானும் விடமாட்டேன்.

8 ஜனவரி 1989, ஞாயிறு

அம்மாவின் நாள். கல்லறைக்குப் போய் சாமந்தி வைத்துவிட்டு வந்தோம். அப்பா வழக்கம்போலக் கல்லை ஈரத்துணியால் துடைத்தார், நான் வழக்கம்போலத் தண்ணீர்ச் சொம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

எனக்கு ஒரு வயது முடிவதற்குள் அம்மா மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். பால் கொடுக்காதே, உன் உடம்பு தாங்காது என்று எல்லோரும் சொன்னார்களாம். கேட்கவில்லையாம். அதற்கப்புறம் அப்பாவுக்கு எதைக் கண்டாலும் பயம். தண்ணீரைக் கொதிக்க வைப்பார், ஆறவைத்து மறுபடி கொதிக்க வைப்பார். பள்ளிக்கூடத்துக்கு நான் டிசம்பர், ஜனவரி முழுக்கக் குரங்குக் குல்லாவில்தான் போனேன். இருபத்தெட்டு வயதாகிறது, இன்னும் தூறல் போட்டால் பஸ் ஸ்டாப்பில் குடையோடு நிற்கிறார். பக்கத்தில் நிற்கிற பெண்கள் சிரிக்கிறார்கள்.

தாய்ப்பாலில் வருகிற எதிர்ப்பு சில மாதத்துக்குத்தான். படித்தவளுக்கு அது தெரியும். அம்மா கொடுத்தது எதுவும் இப்போது என் ரத்தத்தில் இருக்காது. இருந்தும் இன்றைக்கு அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் நின்றபோது, எனக்கு அவள் ஏதோ கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறாள் என்று அழுகையாக வந்தது. அப்பாவுக்குத் தெரியாமல் துடைத்துக்கொண்டேன்.

16 ஜனவரி, திங்கள்

பொங்கல் விடுமுறை, அதன் மேல் எலெக்‌ஷன். தெருவில் ஆட்டோவுக்கு ஆட்டோ ஸ்பீக்கர். கேட்ட கெமிக்கல் வரவில்லை, வருவதாகவும் தெரியவில்லை.

சாப்பிடும்போது புலம்பிவிட்டேன். முட்டையின் பசையைப் போக்க முதலில் உப்பும் யூரியாவும் கரைத்த தண்ணீரில் கலக்க வேண்டும், அப்புறம் டானின் கரைத்த தண்ணீரில் ஒரு முக்கு முக்கி எடுக்க வேண்டும், வெளிநாட்டில் எல்லாம் அப்படித்தான் செய்கிறார்கள், எனக்கு அந்த டானின்தான் கிடைக்கவில்லை என்று.

அப்பாவின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. "டானின்னா? பட்டைத் தண்ணிதானே அது?"

ஆமாம்! ஆவாரம்பட்டையை ஊறவைத்த தண்ணீர். தோலை அழுகாமல் பதமாக்குவது அதில் இருக்கிற டானின்தான். இத்தனை நாள் என் வீட்டுக்கு எதிர்த்தாற்போல் இருக்கிற தோல் கம்பெனியில் மூட்டை மூட்டையாக இறங்கியதை நான் பாட்டிலில் தேடியிருக்கிறேன். பழைய கம்பெனியில் கூட வேலை செய்த சம்பத் இன்னும் இருக்கிறார், அவரிடம் பட்டை வாங்கித் தானே தண்ணீர் எடுத்துத் தருவதாக அப்பா சொன்னார். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. என் ஆராய்ச்சியில் அவருக்குப் புரிகிற சாமான் ஒன்று முதல்முறையாக வந்திருக்கிறது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

23 ஜனவரி, திங்கள்

உடம்பெல்லாம் மீன் வாடை. இதை எழுதிவிட்டுத்தான் குளிக்கப் போகிறேன்.

முட்டை இறங்குவதற்கான பிட்யூட்டரி ஊசியை நேற்றே இரண்டு பக்கமும் போட்டுவிட்டிருந்தேன். காலையில் தடுப்பூசி போட்ட ஊசித் தாய் ஒருத்தி, ஊசியில்லாத் தாய் ஒருத்தி, இருவரும் தயார். ஜெயவேலு அண்ணன் ஈரத்துண்டில் சுற்றிப் பிடித்துக்கொள்ள நான் வயிற்றைத் தடவினேன். கேழ்வரகுக் கூழ் மாதிரி முட்டை கிண்ணத்தில் இறங்கியது. ஆணின் விந்தைக் கோழி இறகால் கலந்து, உப்பு யூரியாத் தண்ணீரில் தோள்பட்டை கழன்று போகிற வரைக்கும் கலக்கினேன்.

அப்பா இரண்டு பானையோடு வந்தார். ஒன்றில் டீ நிறத்தில் இளம் தண்ணீர், இன்னொன்றில் கருஞ்சிவப்பாகக் கெட்டியான காரத் தண்ணீர். இளம் பானையில் இரண்டு பக்க முட்டைகளையும் தனித்தனியாக முக்கி எடுத்தோம். அடேயப்பா! வேகவைத்து அலசிய ஜவ்வரிசி மாதிரி ஒவ்வொன்றும் தனித்தனியாக உருண்டது. எதுவும் எதோடும் ஒட்டவில்லை.

அதோடு நிறுத்தலாம் என்றுதான் இருந்தேன். "ஒரு குழியோட எந்தத் தோலும் பதமாவாது கனகு. மொதல்ல இளசு, அப்பால காரம். அப்போதான் அழுவாது" என்றார் அப்பா. போன வருட நாற்றம் எனக்கு நினைவு வந்தது. ஊசித் தாயின் முட்டைகளை மட்டும் காரப் பானையிலும் போட்டேன். அதுதானே முக்கியமான பக்கம். மற்றது சும்மா ஒப்பிட்டுப் பார்க்கத்தானே. ஜெயவேலு அண்ணன் வீட்டில் டீ கொடுத்தார்கள், குடித்துவிட்டு வந்து எடுத்தேன்.

24 ஜனவரி, செவ்வாய்

ஊசித் தாயின் முட்டையில் அழுகல் ஒன்றுகூட இல்லை! மற்றதில் அங்கங்கே வெள்ளை பூத்திருக்கிறது. அப்பாவிடம் சொன்னேன். பெரிய விஷயமில்லை என்பது போல உதட்டைச் சுழித்துவிட்டு, தெருமுனை வரைக்கும் போய் எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்தார்.

26 ஜனவரி, வியாழன்

பொரிக்கவில்லை.

ஊசியில்லாத் தாயின் குஞ்சுகள் காலையிலேயே வெளியே. கண்ணிமை மயிர் மாதிரி தொட்டி முழுக்கத் துள்ளுகின்றன. என் பக்கம் ஒன்று, ஒரே ஒன்று வரவில்லை. மத்தியானம் வரைக்கும் பார்த்தேன். லென்ஸை வைத்துப் பார்த்தால் உள்ளே உயிரோடு இருக்கின்றன. கண் கறுத்திருக்கிறது, நெஞ்சு துடிக்கிறது, வால் அடித்து அடித்துச் சுற்றுகின்றன. ஓடு மட்டும் பழுப்பாக, இறுகி... பதமாகிவிட்டது. முட்டையைத் தோல் பதனிட்டிருக்கிறோம். குஞ்சு தன் உடம்பில் சுரக்கும் நீரால் ஓட்டைக் கரைத்துக்கொண்டு வரும் என்று எத்தனை பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறேன்! இந்த ஓடு அதற்குக் கரையுமா? எனக்குத் தெரியாதா டானின் என்ன செய்யும்னு? தெரியுமே! தெரிஞ்சு தெரிஞ்சு டீ குடிச்சுக்கினு நின்னேனே.

அப்பா அப்போதுதான் சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்தார். இன்னாச்சு என்றார். நான் கத்திவிட்டேன். "நான் போவக்கூடாதுன்னுதானே ரெண்டாவது பானை கொண்டாந்தே? இப்ப பொத்தேரிக்கு நல்ல சேதி சொல்லு, போ."

அப்பா டிபன் கேரியரைத் தொட்டி மேல் வைத்துவிட்டு ரோட்டுப் பக்கம் நடந்து போய்விட்டார். ஜெயவேலு அண்ணன் கேட்காதது போல வலையை அலசிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்தேன், அப்பா படுத்திருந்தார். தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும், நான் வந்தது அவருக்கும் தெரியும்.

27 ஜனவரி, வெள்ளி

லேபில் பூச்சி குத்தும் மெல்லிய ஊசிகளை எடுத்துக்கொண்டு முதல் வண்டியில் போனேன். ஒவ்வொன்றாகக் கிழித்து எடுக்க வேண்டியதுதான், வருவது வரட்டும் என்று.

எனக்கு முன்னால் அப்பா அங்கே இருந்தார். தொட்டிப் பக்கத்தில் குந்திக்கொண்டு உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். நான் லென்ஸை ஸ்டாண்டில் மாட்டினேன். அப்பாவே ஆரம்பித்தார். என்னைப் பார்க்கவில்லை, தண்ணீரைப் பார்த்துத்தான் பேசினார்.

"நான் கைல தொட்டதெல்லாம் செத்த தோலு கனகு. எவ்ளோ ஊறுதோ அவ்ளோ நல்லது. உள்ளேர்ந்து ஒண்ணு வெளிய வரணும்னு நான் நெனைக்கவேயில்ல."

 மன்னிப்பா, சண்டையா, எது முதலில் என்று தெரியவில்லை. "தட்டை இப்டி நகத்து" என்றேன். நகர்த்தினார்.

ஒரு ஊசியால் முட்டையைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றால் கிழிக்க வேண்டும். முதலில் எடுத்தவை எல்லாம் கிழிபட்டுச் செத்தன. தலை இல்லாத பக்கமாகப் பார்த்து ஓட்டைக் கிள்ளிவிட்டால் போதும், மீதியைக் குஞ்சே செய்துகொள்ளும் என்று புரிய மத்தியானம் ஆகிவிட்டது. வெளியே வந்ததை அப்பா சொட்டு மருந்துக் குழாயால் உறிஞ்சி நல்ல தண்ணீரில் விட்டார். அவர் விரல்கள் பட்டைக் கறையேறித் தடித்துப் போனவை, குழாயின் ரப்பர் அதில் காணாமல் போயிற்று. இருந்தாலும் ஒன்றையும் நசுக்கவில்லை. விடும்போது ஒவ்வொன்றிடமும் "போ, போ" என்றார். ஜெயவேலு அண்ணன் நடுவில் வந்து எட்டிப் பார்த்து, பிரசவ ஆஸ்பத்திரி போர்டு எழுதி மாட்டட்டுமா என்றார்.

வெளிச்சம் போகிற வரைக்கும் எடுத்தோம். பெரும்பாலானவை உள்ளேயே அடங்கிவிட்டன. ஒரு சின்ன பேசின் அடி நிறைகிற அளவு பிழைத்திருக்கின்றன.

30 ஜனவரி, திங்கள்

மேடத்திடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அது நல்ல சகுனம் இல்லை.

பொரிக்காததற்கு அவர் திட்டவில்லை. ஒரு பக்கத்துக்கு மட்டும் இரண்டாம் முழுக்குக் கொடுத்ததற்குத்தான் திட்டினார். "வேண்டிய பக்கம்னு ஒண்ணை வச்சிண்டு அதுக்கு மட்டும் சலுகை பண்ணினா அது ஆராய்ச்சியே இல்ல. அழுகாம இருந்தது தாயாலயா பட்டையாலயான்னு உன்னால சொல்ல முடியுமா?" முடியாது. அப்பா சொன்னார் என்று முனகினேன். பானையில் கலக்கியது யார் கை என்று கேட்டார்.

என் கைதான்.

பிழைத்த குஞ்சுகளை வீணாக்காதே, வளரட்டும், அவற்றையும் நோய்த் தண்ணீரில் விட்டுப் பார் என்றார். இன்னும் இரண்டு ஊசித் தாய்கள் மிச்சம் இருக்கிறார்கள், பிப்ரவரியில் ஒழுங்காகச் செய் என்றும் சொன்னார். வாசல் வரைக்கும் வந்த பிறகு கூப்பிட்டு, "அப்பாகிட்ட பேசிட்டியா?" என்றார். இல்லை என்றேன். கையை வீசிப் போகச் சொன்னார்.

சாயந்திரம் அப்பாவிடம் சொன்னேன். நான் சொன்னது தப்புப்பா, கலக்கினது நான்தான், நீ வேணும்னு பண்ணியிருக்க மாட்டே. அவர் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். வேணும்னு பண்ணவில்லை என்றார். ஒரு கல்லை எடுத்து எறிந்துவிட்டு, ஆனால் நீ போகக்கூடாது என்று நினைத்தது நிஜம்தான் என்றார். அவ்வளவு நேர்மையை நான் எதிர்பார்க்கவில்லை. நானும் உட்கார்ந்து கல் பொறுக்கினேன்.

8 பிப்ரவரி, புதன்

சாம்பல் புதன். நெற்றியில் சாம்பலோடு வண்டலூர் போனேன்.

நோய்க் கிருமி கலந்த தண்ணீரில் இரண்டு பக்கக் குஞ்சுகளையும் போன வாரம் விட்டிருந்தேன். இயற்கையாகப் பொரித்த பக்கம் பெரும்பாலும் மல்லாந்துவிட்டது. பாவமாக இருந்தது. ஊசியால் கிழித்து எடுத்த பக்கம்? அடிபட்டதுகள், முதுகு கோணலாகப் போனதுகள், எல்லாம் நீந்திக்கொண்டிருக்கின்றன! ஓட்டை விட்டு வெளியே வந்த பிறகு பட்டைத் தண்ணீருக்கு அங்கே என்ன வேலை? அது பட்டது ஓட்டில்தான். குஞ்சுக்குள் இருப்பது தாய் கொடுத்தது.

மேடத்துக்கு போன் செய்தேன். எத்தனை பிழைத்தன என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். பிறகு, அவ்வளவு அடிக்கும் தப்பித்தவை பிறவியிலேயே திடமானவையாக இருக்கலாம், இதை நம்பாதே, திரும்பச் செய் என்றார். ஆனால் குரல் கொஞ்சம் மாறியிருந்தது. எனக்குத் தெரியும், அவருக்கும் சந்தோஷம்தான்.

தவக்காலம் முழுக்க மீன் சாப்பிடப் போவதில்லை என்கிறார் அப்பா. கறியைத்தானே விடுவார்கள் என்றேன். இந்த வருஷம் மீனைப் பார்த்தால் பேசுகிற மாதிரி இருக்கிறது என்றார்.

20 பிப்ரவரி, திங்கள்

மீதி இரண்டு ஊசித் தாய்கள், மீதி இரண்டு சாதாத் தாய்கள். அப்பா ஒரே ஒரு பானைதான் கொண்டு வந்தார், இளம் தண்ணீர். அதையும் பாதிக்கு மேல் பச்சைத் தண்ணீர் விட்டு இளக்கினேன்.

எல்லாப் பக்கமும் ஒரே முழுக்கு, ஒரே அளவு. யாருக்கும் சலுகை கிடையாது. சல்லடையைப் பானைக்குள் இறக்கினேன். நான் மனசுக்குள் எண்ண ஆரம்பிப்பதற்குள் அப்பா கையைப் பிடித்துக்கொண்டார்.

"போதும், எடு."

இன்னும் கொஞ்சம் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. அப்பா விடவில்லை. எடுத்தேன். தனித்தனியாகத்தான் உருண்டன.

23 பிப்ரவரி, வியாழன்

பொரித்துவிட்டது. எல்லாப் பக்கமும்.

6 மார்ச், திங்கள்

மேடம் வண்டலூருக்கே வந்துவிட்டார்! ஜெயவேலு அண்ணன் சட்டை போட்டுக்கொண்டு வரவேற்றார். நான் இந்த ஒன்றரை வருடத்தில் அவரைச் சட்டையோடு பார்த்ததில்லை.

நோய்த் தண்ணீர் விட்ட தொட்டிகளை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். சாதாத் தாய்களின் குஞ்சுகள் போனமுறை போலவே. ஊசித் தாய்களின் குஞ்சுகள், இரண்டு தொட்டியிலும், கூட்டமாக நீந்தி, நிழல் விழுந்ததும் மூலைக்கு ஓடின. மேடம் கையை ஆட்டினார், மறுபடி ஓடின. இன்னொரு முறை ஆட்டினார். ஐம்பத்தைந்து வயதுப் பெண்மணி குஞ்சு மீனோடு விளையாடிக்கொண்டிருந்தார். யாரிடமும் சொல்ல மாட்டேன்.

முட்டைச் சாறு வைத்த தட்டுகளையும் காட்டினேன். எல்லா முட்டைக்கும் வட்டம் இருக்கிறது. ஊசித் தாய்களின் முட்டைக்கு வட்டம் பெரிது. எல்லாத் தாயும் கொடுக்கிறாள், பட்டு அறிந்தவள் கூடுதலாகக் கொடுக்கிறாள்.

"எழுதறேன்" என்றார் மேடம். அவ்வளவுதான். வண்டியில் ஏறும்போது, பட்டைத் தண்ணீர் தயாரித்தது யார் என்பதைத் தீசிஸ் நன்றியுரையில் மறக்காமல் போடச் சொன்னார். நான் தனியாகத் தொட்டிக்குத் திரும்பி வந்து நன்றாக அழுதேன். வாய்விட்டு அழுதால் இவ்வளவு சுகமாக இருக்கும் என்று தெரியாமல் போயிற்றே.

அப்பாவிடம் சொன்னேன். "பொயச்சிருச்சா?" என்று கேட்டார். பிழைத்துவிட்டது என்றேன். நல்லது என்று சொல்லிவிட்டு வெளியே போனார். ஒப்பந்தத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

26 மார்ச், ஞாயிறு

ஈஸ்டர். பொத்தேரிக்காரர்கள் இன்று வருவதாக இருந்தது, வரவில்லை. அப்பாவிடம் என்னவென்று கேட்டேன். போன வாரமே அவர் போய்ச் சொல்லிவிட்டு வந்துவிட்டாராம். என்னவென்று சொன்னாய் என்றேன். பெண்ணுக்குத் தூத்துக்குடியில் வேலை, திரும்பி வர நாளாகும், உங்களைக் காத்திருக்கச் சொல்ல எனக்கு வாயில்லை என்று சொன்னாராம். வேலை இன்னும் வரவேயில்லையே என்றேன். வரும் என்றார்.

மேடம் கூட அவ்வளவு உறுதியாகச் சொல்லவில்லை.

4 மே, வியாழன்

வந்துவிட்டது. ஜூன் இரண்டாவது வாரத்தில் தூத்துக்குடியில் சேர வேண்டும்.

ஆர்டர் வந்த செவ்வாயிலிருந்தே அப்பா திட்டம் போடுகிறார். கூடவே வந்து ஹாஸ்டல் பார்ப்பாராம். அங்கே தண்ணீர் உப்பா நல்லதா பார்ப்பாராம். பக்கத்தில் ஆஸ்பத்திரி எங்கே, கோயில் எங்கே, எந்தப் பெண் பக்கத்து ரூம், எல்லாம் விசாரித்துவிட்டு ஒரு மாதம் இருந்து எனக்குப் பழகிய பிறகு திரும்புவாராம். தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். சம்பத்துக்கும் தெரியும், ஜெயவேலு அண்ணனுக்கும் தெரியும். முதல் நாள் வேலைக்கு அப்பாவோடு போய் நிற்கப் போகிறேன் என்று எனக்கு ஒரு பக்கம் கூச்சம். இன்னொரு பக்கம், வந்தால் நல்லதுதானே என்றும் இருக்கிறது. எனக்கும் பயம்தான். எழுதினால் தப்பா?

2 ஜூன், வெள்ளி

அப்பா காலையிலேயே தாம்பரம் ஸ்டேஷனுக்கு ரிசர்வேஷனுக்குப் போனார். வெயிலில் வரிசையில் நின்று, சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டு வந்தார். டிக்கெட்டை என் கையில் கொடுத்தார்.

என் பெயர் இருந்தது. கீழே வேறு பெயர் இல்லை. இன்னொன்று ஒட்டிக்கொண்டிருக்கிறதோ என்று பின்னால் திருப்பிக்கூடப் பார்த்தேன்.

"உன்னுது எங்கப்பா?"

அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சட்டையை ஆணியில் மாட்டினார். "பாரத்துல ரெண்டு பேருன்னுதான் எயுதினேன். கவுண்டராண்ட போனப்புறம் என் பேரை அடிச்சிட்டேன்" என்றார்.

அப்புறம் முகம் கழுவப் போனார். ரொம்ப நேரம் கழுவிக்கொண்டிருந்தார்.